ஒழுங்கையின் கடைசி வீட்டில் 252 வோல்ற்: கூரைச் சூரியமின் இணைப்புகளை ஊர் மட்டத்தில் எவ்வாறு திட்டமிடுவது?

கேள்வி: வலிகாமத்தான்

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தின் வலிகாமம் கிழக்கில் உள்ள ஒரு கிராமத்தின் அபிவிருத்திச் சங்கத்தில் நான் பொருளாளராக இருக்கிறேன். கணக்கியல் படித்தவன், மின்பொறியியலில் எனக்குப் பயிற்சி இல்லை. அதனால் தவறான சொற்களைப் பயன்படுத்தியிருந்தால் திருத்திவிடுங்கள்.

எங்கள் ஊரில் ஏறத்தாழ 80 வீடுகளுக்கு ஒரு 100 கேவீஏ (ஏறத்தாழ 100 கிலோவாற் தாங்கும்) மின்மாற்றி மின் வழங்குகிறது. கடந்த சில ஆண்டுகளில் 14 வீடுகள் தலா 5 கிலோவாற் அளவில் கூரைச் சூரியமின் தொகுதிகளைப் பொருத்தியுள்ளன. இன்னும் ஆறு வீட்டார் விண்ணப்பித்தபோது, அந்த மின்மாற்றியில் இனி இடமில்லை என்ற பதில் கிடைத்தது. அதே வேளையில், ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருக்கும் அம்மா, வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய பணத்தில் பொருத்திய தொகுதி வெயில் நன்றாக எறிக்கும் நேரத்தில்தான் நின்றுவிடுகிறது என்று சங்கத்திடம் முறையிட்டார். நான் நேரில் சென்று பார்த்தேன். மதியம் பன்னிரண்டு மணிக்கு, தகடுகளின் மின்னை வீட்டு மின்னாக மாற்றும் இன்வேர்ட்டரின் திரையில் 252 வோல்ற் வரை ஏறியதும் அது தன்னை நிறுத்திக்கொண்டது. சில நிமிடங்களின் பின் மீண்டும் இயங்கி மீண்டும் நின்றது. அதே வீட்டில் இரவு ஏழு மணிக்கு அளந்தபோது 217 வோல்ற்தான் இருந்தது. கிணற்று மோட்டார் முனகியதே தவிர இயங்கவில்லை. ஒரே கம்பியில் பகலில் மிகையாகவும் இரவில் பற்றாக்குறையாகவும் மின் இருப்பது எவ்வாறு என்று அந்த அம்மா கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல இயலவில்லை.

இதற்கிடையில் ஊர்ப் பாடசாலையின் கூரையில் 50 கிலோவாற் தொகுதி ஒன்றை அமைப்பதற்குப் புலம்பெயர்ந்த உறவுகள் உதவ முன்வந்துள்ளனர். இடமில்லை என்று சொல்லப்பட்ட மின்மாற்றியில் அதை எங்கே இணைப்பது? பெரிய மின்மாற்றி வேண்டும் என்று கோரிக்கை எழுதுவதா, பற்றறி வாங்குவதா, அல்லது இருப்பதைச் சீர்செய்தாலே போதுமா? கடிதம் எழுதுவதற்கு முன் எந்த எந்த எண்களைத் திரட்ட வேண்டும் என்பதை அறிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் சங்கம் நன்றியுடன் ஏற்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற பொறியாளர், சுன்னாகம்

தம்பி, நீங்கள் இரண்டு நேரங்களிலும் அளந்து எழுதியது மிகவும் நல்லது. பெரும்பாலானோர் மதிய அளவை மட்டுமே சொல்வார்கள். உங்கள் கேள்விக்கான விடையின் பாதி அந்த இரண்டு எண்களுக்கு இடையிலேயே இருக்கிறது.

எங்கள் நாட்டில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்; அதிலிருந்து மேலும் கீழும் 6 வீதம் மட்டுமே அனுமதி. அதாவது 216.2 இலிருந்து 243.8 வரை, மொத்தம் 27.6 வோல்ற் அகலமுள்ள ஒரு பட்டை. உங்கள் கடைசி வீட்டில் 217 இலிருந்து 252 வரை ஆடுகிறது. அது 35 வோல்ற். பட்டையின் அகலத்தை விட ஆட்டத்தின் அகலம் பெரிதாக இருக்கும்போது, அதை மேலே நகர்த்தினாலும் கீழே நகர்த்தினாலும் ஒரு பக்கம் வெளியே நீளத்தான் செய்யும். மின்மாற்றி வெளியே தரும் அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்க அதில் ‘டப்’ என்று ஒரு தெரிவு இருக்கிறது. மின்னை நிறுத்திவிட்டு அதை ஒரு படி இறக்கினால் அழுத்தம் ஏறத்தாழ 2.5 வீதம் குறையும். அப்படிச் செய்தால் மதியம் 252 என்பது 245.7 ஆகும், இரவு 217 என்பது 211.6 ஆகும். மதியத்தையும் எல்லைக்குள் கொண்டுவந்தபாடில்லை, இரவையும் கெடுத்ததாகிவிடும். ஆகவே மதிய மிகையை மட்டும் நோய் என்று கருதி மருந்து தேட வேண்டாம். ஆட்டத்தைக் குறுக்குவதுதான் திட்டமிடலின் வேலை.

இந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். மின்மாற்றியிலிருந்து பேஸ் எனப்படும் மூன்று மின்கம்பிகளும் நியூற்றல் எனப்படும் பொதுவான திரும்பு கம்பி ஒன்றும் வருகின்றன; ஒற்றை பேஸ் தொகுதி அந்த மூன்றில் ஒன்றுடன் மட்டும் இணைந்தது. 70 சதுர மில்லிமீற்றர் அலுமினியக் கம்பியின் தடை ஒரு கிலோமீற்றருக்கு 0.443 ஓம். மின்மாற்றியிலிருந்து 500 மீற்றர் தூரத்தில் 5 கிலோவாற் ஒற்றை பேஸ் தொகுதி ஒன்று முழுமையாக மின்னை வெளியே அனுப்புகிறது என்று கொள்ளுங்கள். ஓட்டம் ஏறத்தாழ 21.7 அம்பியர். அது பேஸ் கம்பியால் சென்று நியூற்றல் கம்பியால் திரும்ப வேண்டும் என்பதால், இரண்டும் ஒரே பருமனாயின், மொத்தத் தடை 0.443 ஓம், அழுத்த உயர்வு 9.6 வோல்ற். இரவில் ஓட்டம் எதிர்த் திசையில் வீட்டுக்கு வரும்போது அதே தடை அழுத்தத்தை இறக்கும். அதே 5 கிலோவாற்றை மூன்று பேஸ்களுக்கும் சமமாகப் பகிர்ந்தால் ஒவ்வொரு கம்பியிலும் ஓட்டம் மூன்றில் ஒன்றாகும். நியூற்றலில் ஓட்டமே இருக்காது. உயர்வு வெறும் 1.6 வோல்ற். அளவும் தூரமும் கம்பியும் ஒன்றாக இருக்கையில் விளைவு ஆறு மடங்கு வேறுபடுகிறது. இதற்கு மேலும் ஒன்று உண்டு. ஒரு பேஸில் மட்டும் மின் உள்ளே தள்ளப்படும்போது நியூற்றல் கம்பியின் அழுத்தம் பூச்சியத்திலிருந்து விலகுவதால், மற்ற இரு பேஸ்களிலும் உள்ள வீடுகளுக்கு அழுத்தம் சற்றுக் குறையும். ஒரு வீட்டில் இன்வேர்ட்டர் மிகை அழுத்தத்தால் நிற்க, எதிர் வீட்டில் குறை அழுத்தம் என்று முறையிடுவது இதனால்தான் நிகழ்கிறது; இருவர் சொல்வதும் உண்மையே.

ஆகவே உங்கள் முதல் வேலை, அந்த 14 தொகுதிகளும் எந்த எந்தப் பேஸில் உள்ளன என்று அறிவது. மின்கம்பத்தில் எவரும் ஏற வேண்டாம். மின்மாற்றியில் ஒரு பியூஸ் மட்டும் போன நாள்களில் எந்த வீடுகள் இருண்டன, எந்த வீடுகளில் விளக்கு எரிந்தது என்பதை அயலவர்களிடம் கேட்டுத் தாளில் குறித்தாலே பாதி வரைபடம் கிடைத்துவிடும்.

இரண்டாவது வேலை, மின்மாற்றிக்கு மிக அருகிலுள்ள வீடு ஒன்றிலும் கடைசி வீட்டிலும் ஒரே நேரத்தில் ஒரு வாரம் அளவைப் பதிவது. அதில் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் இருக்க வேண்டும். அருகிலுள்ள வீட்டின் ஆட்டம், மின்மாற்றிக்கு மின் கொண்டுவரும் 33 கிலோவோல்ற் வழியிலிருந்தும் மின்மாற்றியிலிருந்தும் வருவது. மிகுதி உங்கள் ஊர்க் கம்பியினுடையது.

இடமில்லை என்ற பதிலைப் பற்றியும் ஒரு சொல். 80 வீடுகளுக்கு 100 கேவீஏ எப்படிப் போதுகிறது என்று நீங்கள் யோசித்திருக்கலாம். எல்லா வீட்டிலும் ஒரே நொடியில் மோட்டாரும் துணி அழுத்தும் மின்னழுத்தியும் இயங்குவதில்லை. அந்த நம்பிக்கையில்தான் விநியோக வலையமைப்பு முழுவதும் கட்டப்பட்டது. சூரியனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. எல்லாக் கூரைகளிலும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்குகிறது. அதனால் பாவனைக்குப் போட்ட கணக்கைப் பிறப்பாக்கத்துக்குப் பொருத்த முடியாது. அமெரிக்காவில் முதலில், ஒரு மின்வழியின் உச்சச் சுமையில் 15 வீதத்துக்கு உட்பட்ட பிறப்பாக்கமாயின் ஆய்வின்றி இணைக்கலாம் என்ற விதி கலிபோர்னியாவிலிருந்து பரவியது. சூரியமின் பெருகிய ஹவாய்த் தீவுகளில் அது போதாமல், பகல்நேரத்தின் மிகக் குறைந்த சுமையை அளவுகோலாகக் கொள்ளத் தொடங்கினார்கள். உச்சம் இங்கே இரவு ஏழு மணிக்கு வருகிறது. அது மதியச் சூரியனுக்கு எந்த உதவியும் செய்யாது. எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு இந்தப் பகல்நேரக் குறைந்தபட்சம் மிக முக்கியமானது. 1990 இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை நின்ற பின்னர் பகலில் பெருமளவு மின்னை உண்ணும் ஆலை எதுவும் அந்த இடத்துக்கு வரவில்லை.

பதில் 2: செம்மண் தோட்டம், புன்னாலைக்கட்டுவன்

பொறியாளர் ஐயா சொன்ன பகல்நேரச் சுமையை ஊரே உருவாக்கலாம் என்பது என் கருத்து. நான் வெங்காயமும் வாழையும் செய்கிறேன். துலாவில் நீர் இறைத்த காலத்தை அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் மண்ணெண்ணெய் இயந்திரத்தில் தொடங்கியவன். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரேயடியாக 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது எங்கள் பகுதியில் பலர் மின்மோட்டாருக்கு மாறினார்கள். ஆனால் எல்லோரும் விடியற்காலையிலும் மாலையிலும்தான் இறைக்கிறார்கள். வெயில் உச்சத்தில் பயிருக்கு நீர் கட்டினால் கூடுதலாக ஆவியாகிவிடும் என்பதால் அதைத் தவறென்று சொல்ல முடியாது.

நான் செய்தது இதுதான். கிணற்றருகே ஒரு பெரிய தொட்டியைக் கட்டி, மதியம் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் அதை நிரப்பி, மாலையில் வாய்க்காலுக்குத் திறந்துவிடுகிறேன். இரண்டு குதிரைவலு மோட்டார் ஒன்று ஏறத்தாழ 2 கிலோவாற் எடுக்கும். ஒரு மின்மாற்றியின் கீழ் எட்டுத் தோட்டக்காரர் இப்படிச் செய்தால் 16 கிலோவாற் மதியச் சுமை கிடைக்கும். அதே 16 கிலோவாற் மாலையில் குறையும். ஆட்டத்தின் இரண்டு முனைகளும் ஒரே செயலால் உள்ளே வருகின்றன. பற்றறியில் மின்னைச் சேமிப்பதும் தொட்டியில் நீரைச் சேமிப்பதும் தோட்டக்காரனுக்கு ஒன்றுதான். சீமெந்துத் தொட்டி என் பேரன் காலம் வரை இருக்கும்.

ஒன்றை மட்டும் மனமார வேண்டிக்கொள்கிறேன். வெயில் இலவசம் என்பதற்காக இறைக்கும் நீரின் அளவைக் கூட்டாதீர்கள். எங்கள் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மிகையாக இறைத்தால் உவர் மேலேறும், ஏறிய உவர் எளிதில் இறங்காது. இறைக்கும் நேரத்தை மாற்றுவோம், அளவை மாற்ற வேண்டாம்.

பதில் 3: கொக்குவில் மகள், அடிலெய்ட்

வணக்கம் அண்ணா. நான் கொக்குவிலில் பிறந்து வளர்ந்து, இப்போது தென் அவுஸ்திரேலியாவில் விநியோக வலையமைப்புத் திட்டமிடலில் பணியாற்றுகிறேன். ஐயா கம்பியின் கணக்கை மிகத் தெளிவாக எழுதிவிட்டதால் இன்வேர்ட்டரைப் பற்றியும் மேல்மட்ட வலையமைப்பைப் பற்றியும் மட்டும் சேர்க்கிறேன்.

கடைசி வீட்டு அம்மாவின் இன்வேர்ட்டர் முற்றாக நின்று மீண்டும் எழும்புவது அவருக்கும் நட்டம், வலையமைப்புக்கும் நல்லதல்ல. இன்றைய இன்வேர்ட்டர்கள் பலவற்றில் அழுத்தம் ஏறஏற உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்கும் வசதி உண்டு. அதை இயக்கினால் முழு இழப்புக்குப் பதிலாகச் சிறு இழப்பு ஏற்படும். மறுதாக்க மின்னை (வேலை எதுவும் செய்யாமல் கம்பியில் முன்னும் பின்னும் ஊசலாடும் மின்) உறிஞ்சி அழுத்தத்தைக் குறைக்கும் இன்னொரு வசதியும் உண்டு. ஆனால் தாழ் அழுத்தக் கம்பிகளில் தடைதான் பெரிதாக இருக்கும் என்பதால் அதிலிருந்து அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். இந்த அமைப்புகளைப் பொருத்துநர் தன் விருப்பப்படி மாற்றக் கூடாது. வலையமைப்பை நடத்துவோரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இயக்கினாலும் கடைசி வீடே கூடுதலாக இழக்கும் என்ற நியாயக் குறையும் இதில் உண்டு. அந்தக் குறையைச் சங்கம் முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டும். மௌனமாக விட்டால் ஒரே ஒழுங்கைக்குள் மனத்தாங்கலாக முடியும்.

இங்கே நெரிசலான பகுதிகளில் புதிய இணைப்புகளுக்கு இரண்டு தெரிவுகள் கொடுக்கப்பட்டன: எப்போதும் 1.5 கிலோவாற்றுக்கு மேல் வெளியே அனுப்பாதிருத்தல், அல்லது வலையமைப்பு இடம் தரும் நேரங்களில் 10 கிலோவாற் வரை அனுப்பி, நெரிசல் நேரத்தில் தொலைச் சைகைக்குக் கட்டுப்பட்டுக் குறைத்தல். இடமில்லை என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக, ஆண்டின் எந்த மணித்தியாலங்களில் இடமில்லை என்று கேட்டதால் கிடைத்த வழி அது. உங்கள் ஆறு விண்ணப்பதாரரும் அந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

இனி மேல்மட்டம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதியை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட பழுது நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. குரங்கைப் பற்றியே பலரும் பேசினார்கள். அது ஞாயிற்றுக்கிழமை முற்பகல் என்பதைத்தான் நான் கவனித்தேன். அப்போது மின்தேவை குறைவு, சூரியமின்னின் பங்கு மிகுதி, சுழலும் பெரிய இயந்திரங்களோ சில மட்டுமே. பழுது நேரும்போது மின்னதிர்வெண் (மின் ஒரு நொடியில் ஊசலாடும் தடவைகள், வழமையில் 50 ஹேர்ட்ஸ்) விழுவதை முதல் நொடிகளில் தாங்கிப் பிடிப்பது அந்தச் சுழலும் உருக்கின் சடத்துவம், அதாவது சுழல்வது சுழன்றுகொண்டே இருக்க முயலும் இயல்பு. சாதாரண இன்வேர்ட்டரில் அது கிடையாது. அதே ஆண்டு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், 13 முதல் 21 வரை, பிற்பகல் மூன்று மணி வரை கூரைத் தொகுதிகளை நிறுத்தும்படி வேண்டுகோள் விடுக்கப்பட்டதும் இதே காரணத்தால்தான்.

யேர்மனியில் இதன் மறுபக்கத்தைக் கண்டார்கள். பழைய இன்வேர்ட்டர்கள் அனைத்தும் 50.2 ஹேர்ட்ஸில் உடனடியாக நிற்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. சில நூறு தொகுதிகள் இருந்தபோது அது பாதுகாப்பு ஏற்பாடு. பல இலட்சமாகப் பெருகியபோது, அதிர்வெண் அந்த எண்ணைத் தொட்டவுடன் பெரும் மின்நிலையங்கள் பல ஒன்றாக நின்றதற்குச் சமமான ஆபத்து. 2012 இல் ஒழுங்குவிதி ஒன்றைப் பிறப்பித்து ஏறத்தாழ 3 இலட்சத்து 15 ஆயிரம் தொகுதிகளை மீளமைக்க வேண்டியதாயிற்று. எனவே புதிதாகப் பொருத்தும் ஒவ்வொரு தொகுதிக்கும் அதன் அமைப்பு எண்கள் என்ன என்பதைச் சங்கம் ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தால், அந்தச் சிறு உழைப்பு பின்னர் பெரிய செலவைத் தடுக்கும்.

எங்கள் குடாநாட்டின் நிலையையும் இதனுடன் வைத்துப் பாருங்கள். தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஊர் இது. அம்மா ஜாம்போத்தல் விளக்கில் எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தார். 2013 அளவில்தான் கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு 132 கிலோவோல்ற் வழி வந்து தேசிய வலையமைப்புடன் நாம் மீண்டும் இணைந்தோம். நீண்ட ஒற்றை வழியின் முனையில் இருப்பவர்களுக்கு உள்ளூர்ப் பிறப்பாக்கம் மற்ற எவரையும் விடக் கூடுதலாகத் தேவை. ஆனால் வலுக் குறைந்த முனையில் அதைப் பொறுப்பின்றி இணைத்தால் தீங்கும் கூடுதலாக இருக்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் இரவிலும் காற்றாலை சுழலும் என்பதால் சூரியமின்னுக்கு அது நல்ல துணை. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கு இந்திய நன்கொடையில் மொத்தம் 2,230 கிலோவாற் அளவில் திட்டமிடப்பட்ட கலப்பு மின்தொகுதிகளில் சூரியன், காற்று, பற்றறி, டீசல் ஆகியவை ஒன்றாகக் கணக்கிடப்பட்டது இதனால்தான்.

வலிகாமத்தான் (ஒரு வாரத்தின் பின்)

ஐயாவுக்கும் தங்கைக்கும் தோட்டக்கார அண்ணாவுக்கும் சங்கத்தின் நன்றி. சொன்னபடி அளந்தோம். மின்மாற்றிக்கு அருகிலுள்ள வீட்டில் மதியம் 241, இரவு 231. கடைசி வீட்டில் முன்னர் சொன்ன அதே அளவுகள். ஆக 35 வோல்ற்றில் 10 மட்டுமே மேலிருந்து வருகிறது, 25 எங்களுடையது. பியூஸ் போன நாள்களைக் கேட்டுக் குறித்ததில், 14 தொகுதிகளில் 11 ஒற்றை பேஸ் என்றும் அவற்றில் 8 ஒரே பேஸில் இருப்பதாகவும் தெரிந்தது. காரணத்தை ஒழுங்கைக்குள் நின்று நிமிர்ந்து பார்த்தபோதே கண்டுகொண்டோம்: பிரதான வீதியில் மூன்று பேஸ் கம்பிகள் செல்கின்றன, ஒழுங்கைக்குள் பேஸ் ஒன்றும் நியூற்றல் ஒன்றுமாக இரண்டு கம்பிகளே நுழைகின்றன. அந்த எட்டு வீடுகளும் ஒழுங்கைக்குள் இருப்பவை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊரின் பாவனை ஏறத்தாழ 15 கிலோவாற் என்று வீட்டு மீற்றர்களைப் பார்த்துக் கணித்தோம். பாடசாலைத் தொகுதியைப் பற்றி என்ன செய்வது?

பதில்: ஓய்வுபெற்ற பொறியாளர், சுன்னாகம்

இதைவிடச் சிறந்த அளவீட்டைச் சம்பளம் வாங்கிய காலத்திலும் நான் அதிகம் பார்த்ததில்லை, தம்பி.

பெரிய மின்மாற்றியைக் கேட்காதீர்கள். அது கடைசி வீட்டின் 25 வோல்ற்றைத் தொடாது. ஒழுங்கைக்குள் மூன்று பேஸ் கம்பியைக் கொண்டுசென்று எட்டு வீடுகளையும் பிரித்து இணைக்கும்படி எழுதுங்கள். உங்கள் வரைபடத்தையும் இரு வீடுகளின் ஒரு வாரப் பதிவையும் கூடவே வையுங்கள். அது நடந்த பின் மீண்டும் ஒரு வாரம் அளந்து, அதற்குப் பின்னரே டப்பை மாற்றுவதா என்று பாருங்கள். கோயில் திருவிழா இரவுகளை அந்த வாரத்தில் சேர்க்க வேண்டாம். அவற்றின் சுமை வேறு.

பாடசாலைக் கணக்கு இது. இருப்பது 70 கிலோவாற். 50 சேர்ந்தால் 120. ஞாயிறு மதியப் பாவனை 15 போக 105 கிலோவாற் மின்மாற்றி வழியே மேலே ஏறும். வெப்பத்தால் தகடுகள் தம் முழுத் திறனை அரிதாகவே தொடும் என்றாலும், அந்தத் தளர்வை நம்பித் திட்டமிடுவது முறையன்று. 100 கேவீஏ மின்மாற்றிக்கு அது மிகை. அதுவும் பாடசாலை பூட்டியிருக்கும் நாளிலேயே மிகையாகும். 30 கிலோவாற்றாயின் 85 உடன் நிற்கும். ஆனால் காத்திருக்கும் ஆறு வீடுகளுக்கும் தேவை அதே 30 கிலோவாற்தான். ஒரே இடத்தை இருவருக்குக் கொடுக்க முடியாது என்பதை ஊர்க் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். என் எண்ணம், வீடுகளுக்கு அந்த இடத்தைக் கொடுத்து, பாடசாலைக்கு 20 கிலோவாற் தொகுதியும், பகலில் வெளியே எதையும் அனுப்பாமல் சேமித்து மாலை ஆறு மணிக்குப் பின் விடும் பற்றறியும் அமைக்கலாம் என்பது. அந்தப் பற்றறியின் கேபிளை நேரே மின்மாற்றிக்குக் கொண்டுசென்றால் கடைசி வீட்டின் இரவு அழுத்தத்துக்கு அதனால் பெரிய பயன் இராது. ஒழுங்கை தொடங்கும் மூலையில் பாடசாலை இருக்குமானால் அங்கேயே இணைக்கக் கேளுங்கள். பாடசாலை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள், கம்பி நீளத்தை வைத்துக் கணக்கிட்டுத் தருகிறேன்.

வலிகாமத்தான்

ஒழுங்கை மூலையிலிருந்து நாற்பது மீற்றர் உள்ளே, ஐயா. வரைபடத்தை நாளை காலை அனுப்புகிறேன். தோட்டக்கார அண்ணாவின் தொட்டியைப் பார்க்க வரும் ஞாயிறு சங்கத்தார் ஆறு பேர் புன்னாலைக்கட்டுவனுக்கு வரலாமா?

செம்மண் தோட்டம், புன்னாலைக்கட்டுவன்

தாராளமாக வாருங்கள். பதினொரு மணிக்கு முன் வந்தால் தொட்டி நிரம்பத் தொடங்குவதைப் பார்க்கலாம். அழுத்தம் அளக்கும் அந்தக் கருவியையும் கொண்டுவாருங்கள். மோட்டாரைப் போடுவதற்கு முன்னும் பின்னும் என் வீட்டிலும் அளந்து பார்ப்போம்.